மோர் சிந்தாத வண்டி

தேன்கரட்டு மலையிலிருந்து இறங்க முப்பத்தெட்டு வளைவுகள். வளைவு என்றால் சாதாரண வளைவா? வண்டியின் முன்விளக்கு திரும்பித் தன் பின்விளக்கையே பார்த்துக்கொள்ளும். மேலிருந்து புறப்பட்ட காற்று பாதி வழியில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும்.

அந்த மலையுச்சியில் ஒரு மெக்கானிக் கடை. அதன் மேஸ்திரி ரெஜினாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவளிடம் தொழில் கற்க வந்த வீரபத்திரனுக்கு ஐம்பத்திரண்டு. அவன் அவளை மேஸ்திரி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். முப்பது வருடம் வண்டி சீட்டு தைத்த கை அவனுடையது. ஆனாலும் சீட்டுக்குக் கீழே இருக்கும் ஷாக் அப்சார்பர் அவனுக்குப் புரியாத சாமான். அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தான்.

காரணம், அவன் மனைவி அங்கம்மாள்.

வண்டியில் ஏறினால் வீரபத்திரனுக்கு வாய் ஓயாது. போன சித்திரையில் ஒரு புளுகைப் பாதி சொல்லிவிட்டு, பின்னால் அவள் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தான். பதினேழாவது வளைவு. குழி. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பில் அடி. மூன்று மாதம் படுக்கை. அவளுடைய நீலச் செருப்பு ஒன்று இன்னும் அங்கே முட்செடியில் தொங்குகிறது. அதை எடுக்க அவனுக்குக் கை போகவில்லை.

அன்றிலிருந்து வண்டி ஓட்டும்போது அவன் வாயைத் திறந்ததே இல்லை.

இப்போது திங்கள்கிழமை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் மகள் பிரசவத்துக்குச் சேர்கிறாள். தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் பயமாக இருக்கிறது என்று போனில் அழுகிறாள். மழையில் பாதை பாதி சரிந்து பஸ்ஸும் ஜீப்பும் நின்றுவிட்டன. ஓரமாக இரண்டு சக்கரம் மட்டும்தான் போகும்.

வீரபத்திரன் பின்சீட்டை அறுத்தான். அடியில் கெட்டி ஸ்பான்ச், மேலே மெத்தென்று இன்னொன்று, முதுகுக்கு ஒரு சாய்மானம். பின் ஷாக் இரண்டையும் கழற்றி ஸ்பிரிங் மாற்றினான். ஒன்றல்ல, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அங்கம்மாளின் எடைக்கு ஒரு அரிசி மூட்டையைப் பின்னால் கட்டி, மலை இறங்கி ஏறிப் பார்த்தான். மூட்டை நழுவாமல் இருக்க அவளுடைய பழைய சேலையைச் சுற்றினான். வழியில் டீக்கடைக்காரர்கள் மூட்டையைப் பார்த்து, "என்னம்மா, இப்ப தேவலையா?" என்று விசாரித்தார்கள். மூட்டை பதில் சொல்லவில்லை. அங்கம்மாளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மலை முழுக்கப் பேச்சு.

ஐந்தாவது ஸ்பிரிங் போட்டதும் மூட்டையின் தலையில் ஒரு டம்ளர் மோரை வைத்து முப்பத்தெட்டு வளைவும் இறங்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. அடிவாரத்தில் அந்த மோரை அவனே குடித்தான்.

சனிக்கிழமை அங்கம்மாளை உட்கார வைத்தான். தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான். இரண்டாவது மேட்டில் அவள் கத்திவிட்டாள்.

"என்னை இறக்கி விடுங்க. நடந்தே வர்றேன்."

ஞாயிறு காலை அவன் ரெஜினா முன்னால் நின்றான்.

"மேஸ்திரி, ஆறாவது ஸ்பிரிங் வேணும்."

"அஞ்சாவதுக்கு என்ன வந்துச்சு?"

"மூட்டைக்கு நல்லா இருக்கு. அவளுக்கு வலிக்குது."

"எடை சரிதானா?"

"ரெண்டும் ஐம்பத்து நாலு கிலோ. நிறுத்துப் பார்த்தேன்."

"அக்காவையுமா?"

"ரேஷன் கடைத் தராசுல."

 ரெஜினா ஸ்பேனரை எடுத்து, அவன் எடைக்குத் தகுந்தபடி ஷாக்கின் பல்வளையத்தை இரண்டு பல் இறுக்கினாள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"பின்னாடி ஏறுங்க."

"நானா? நான் பின்சீட்டுல உட்கார்ந்ததே இல்லையே, மேஸ்திரி."

"மூட்டை மட்டும் பழகிட்டா வந்துச்சு?"

ஏறினான். வண்டி இறங்கத் தொடங்கியது. ரெஜினா பேசவில்லை. அவன் கண்ணுக்கு முன்னால் அவளுடைய மழைக்கோட்டு மட்டும்தான். கதவில்லாத சுவர் மாதிரி. பாதை எங்கே, பள்ளம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று கீழிருந்து ஒரு இடி. பல்லோடு பல் மோதியது. எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் வண்டி சாய்ந்தது. இடது பக்கம் வெறும் மூடுபனி. அதற்குக் கீழே என்ன என்று அவனுக்குத் தெரியும். பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். அடுத்த இடி எப்போது வரும்? அதைத்தான் உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தொடை மரமாகிவிட்டது. கழுத்து மரமாகிவிட்டது. வளைவுகளை எண்ண முயன்றான். எட்டுக்குப் பிறகு எண் மறந்துபோனது.

மூடுபனியில் நீலமாக ஏதோ தெரிந்தது.

"நிறுத்து!" என்று அலறினான். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "நிறுத்து, தாயே!"

ரெஜினா நிறுத்தினாள். அவன் இறங்கி, செருப்பு தொங்கும் முட்செடிக்கு முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்தான்.

"எங்கண்ணே வலிக்குது?"

"முதுகு. கழுத்து. பல்லு."

"நீங்க தைச்ச சீட்டு. நீங்க போட்ட ஸ்பிரிங். மோர் சிந்தாத வண்டி."

 அவள் வண்டியைத் திருப்பினாள்.

"ஏறுங்க. இப்ப மேலே."

ஏற்றத்தில் அவள் வாயைத் திறந்தாள்.

"குழி."

சொல் முதலில் வந்தது. குழி பிறகு வந்தது. அவன் கால்கள் தாமாக மிதியில் ஊன்றி, உடம்பு ஒரு விரல்கடை எழும்பி இறங்கியது.

"வலது திரும்புறேன். சரளை கிடக்கு, மெதுவா. மேடு. இன்னொரு மேடு. குரங்கு நிக்குது, போயிடும்."

குரங்கு போனது. எந்த வளைவில் என்று தெரியவில்லை, அவன் கை பின்கம்பியை விட்டிருந்தது.

கடை வாசலில் இறங்கியபோது அவன் முகம் இன்னும் வெளுத்தே இருந்தது.

"பேசினதாலதானே மேஸ்திரி, அன்னைக்கு விழுந்தோம்?"

"அன்னைக்கு எதைப் பத்திப் பேசுனீங்க?"

"முதலை. எங்க தாத்தா முதலை மேல ஏறிச் சந்தைக்குப் போன கதை."

"அக்கா அந்த முதலை மேலயா உட்கார்ந்திருந்தாங்க?"

திங்கள் காலை அங்கம்மாள் ஒரு துணிப்பையோடு வந்தாள். பையின் காதை முறுக்கிக்கொண்டே வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். வீரபத்திரன் ஷாக் பக்கத்தில் குந்தி, நேற்று தனக்காக இறுக்கிய இரண்டு பல்லையும் தளர்த்திவிட்டு, மறுபடி ஸ்பேனரைப் பொருத்தினான்.

"எத்தனை பல் இறுக்கட்டும், மேஸ்திரி?"

"உட்கார்ந்திருக்கிறது நானா?"

அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"அங்கம்மா, எப்படி இருக்கு?"

"மூட்டைகிட்ட கேட்டு முடிச்சாச்சா?" என்றாள் அங்கம்மாள். உடம்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். "ரொம்பத் தொங்குது. ஒண்ணு இறுக்குங்க. ம், போதும்."

மூடுபனி இன்னும் விலகவில்லை. முதல் வளைவே பாதிதான் தெரிந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. "கிளம்பிட்டோம்டி," என்றாள் அங்கம்மாள். குரல் மட்டும் தைரியமாக இருந்தது.

வீரபத்திரன் ஸ்பேனரைக் கொடுக்கும் சாக்கில் ரெஜினாவிடம் வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"குழின்னா குழின்னு சொல்லிடுவேன், மேஸ்திரி. மேடுன்னா மேடு. பதினேழாவது வளைவுல அந்தச் செருப்பைப் பார்த்ததும் எனக்கே கை நடுங்கும். நேத்துப் பார்த்தீங்களே. அங்க நான் அவகிட்ட என்னத்தச் சொல்ல?"

ரெஜினா ஸ்பேனரை வாங்கித் துணியில் துடைத்தாள்.

"அதையே சொல்லுங்கண்ணே."