பேர் வாசித்த நாள்

"நாளையிலிருந்து ஜன்னல் சீட்டுக்குச் சண்டை இல்லப்பா," என்று கம்பெனி பஸ்ஸில் பின்னாலிருந்து யாரோ சொன்னது கோதண்டத்தின் காதில் விழுந்தது. சிலர் சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் அவரை வீட்டுக்குப் போகவிடாமல் பாதி வழியில் இறக்கி, வடிவம்மாளின் மடத்தில் கொண்டுவந்து விட்டது. வடிவம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர்தான் கோதண்டத்துக்குக் குரு.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஊசி மருந்துக் குப்பியில தூசி இருக்கான்னு பார்க்க கேமரா மிஷின் வந்துடுச்சும்மா. எங்க செக்‌ஷன்ல பாதிப் பேரை இன்னிக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு வேலை இருக்கு."

"நல்லது."

"இருதயராஜுக்குப் போயிடுச்சு."

இருதயராஜ் அவருக்குப் பக்கத்து மேசை. குப்பிகளை உற்றுப் பார்க்கும் வேலைக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் நேரங்களில் இருவரும் கண்ணை மூடியபடியே ஊர்க்கதை பேசுவார்கள்.

"பேர் வாசிக்கிறப்ப பக்கத்துலதான் நின்னான். என் பேர் வரலைன்னதும் உள்ளுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம பின்பக்க கேட் வழியா வந்துட்டேன். இது பாவமாம்மா?"

வடிவம்மாள் உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

கோதண்டம் வாங்கியதும் அதை மெல்லச் சுழற்றினார். வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கறுப்புக் கதவுக்கு நேரே.

"என்ன தெரியுது?"

"ஒரு நூலிழை."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"குப்பியைத் தள்ளி வெச்சிடுவோம்."

"இது மருந்து இல்லையே. உங்களுக்குத் தாகம். குடிங்க."

மதியத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இழையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மடமடவென்று குடித்தார். விறைத்திருந்த தோள் இறங்கியது.

"மத்தியானத்துலேருந்து போன் பண்ணிட்டே இருக்கான். நான் எடுக்கலை. என் குரலைக் கேட்டாலே நான் நிம்மதியா இருக்கிறதைக் கண்டுபிடிச்சிடுவான்."

"அவ்வளவு கெட்டிக்காரரா?"

"எனக்கு இந்த வேலையைக் கத்துக்கொடுத்ததே அவன்தான். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

"அப்போ பேர் வாசிச்சப்பவே உங்க முகத்தைப் பார்த்திருப்பார்," என்றார் வடிவம்மாள். "பார்த்த பிறகுதானே போன் பண்றார்?"

கோதண்டம் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து இருதயராஜைக் கூப்பிட்டார்.