கரடி குடித்த விளக்கு

“விளக்கு அம்மனுக்கா, கரடிக்கா? அதை மட்டும் சொல்லுங்கள்.”

வேதவல்லி மூன்றாவது தடவையாகக் கேட்டாள், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்.

குரு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றி எடுத்தார்.

“அம்மனுக்குத்தான்.”

“அப்புறம் ஏன் பொழுது சாய்ந்ததும் எண்ணெயை எடுக்கச் சொல்கிறீர்கள்?”

“அம்மனுக்கு என்பது கரடிக்குத் தெரியாது, அக்கா.”

கோத்தகிரிக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த ஆசிரமம். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வேதவல்லி அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுச் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தவள். நாக்கைக் கொடுத்துவிட்டு வரவில்லை. குரு அவளை அக்கா என்பார். அவள் குருவைச் சாமி என்பாள், அதையும் சில நாள் அதட்டலாக.

சரிவில் கொஞ்சம் இறங்கினால் தகரக்கூரை போட்ட சின்ன அம்மன் கோயில். விளக்கு வேதவல்லியின் பொறுப்பு. இருட்டுவதற்குள் எண்ணெயும் பிரசாதமும் மேலே வந்துவிட வேண்டும், கோயில் கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பது குருவின் ஏற்பாடு. கரடி வரும். தலையை நீட்டி மோந்து பார்க்கும். ஒன்றுமில்லை என்று தன் வழியே போய்விடும்.

இந்த மாதம் வேதவல்லியால் அது முடியவில்லை. திருப்பூரில் அவள் பெண் கௌசல்யாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. முன்னே இரண்டு முறை கலைந்து போனது. பிரசவம் ஆகும்வரை விளக்கு அணையாது என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

“அணையக்கூடாது என்றால் நம் சமையலறையில் எரியட்டுமே,” என்றார் குரு.

“நேர்ந்துகொண்டது அம்மனுக்கு. அம்மிக்கல்லுக்கு இல்லை.”

“சரி. கதவையாவது திறந்து வையுங்கள்.”

“திறந்து போட அது என்ன சத்திரமா?”

“மூடினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நினைக்கும்.”

“நினைத்துக்கொண்டு போகட்டும். பூட்டியிருக்கும், இல்லையா?”

குரு தண்டை மோரில் போட்டார்.

அன்று மாலை வேதவல்லி விளக்கில் நல்லெண்ணெயைத் தளும்பத் தளும்ப ஊற்றினாள். கதவைச் சாத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய பித்தளைப் பூட்டைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கௌசல்யாவையே உள்ளே வைத்துப் பூட்டியதுபோல நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் எண்ணெய்ப் பாட்டிலோடு இறங்கினாள். பனிமூட்டம். கோயிலுக்குப் பின்னால் மண்மேடு கூரையைத் தொடும் இடத்தில் தகரம் உள்ளே சரிந்து கிடந்தது. உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது.

கதவு அதிர்ந்தது. பலகை விரிந்தது. விரிசலில் நீள நகங்கள் தெரிந்து மறைந்தன.

“ஓடாதீர்கள்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல், தாழ்வாக. குரு நின்றிருந்தார். அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

“சாமி, வனத்துறைக்கு...”

“தகரம் சரிந்த சத்தம் கேட்டதுமே போன் செய்துவிட்டேன். அவர்கள் வரும்வரை பலகை தாங்காது. அதுவே உடைத்து வந்தால் கண்மண் தெரியாமல் வரும்.”

கீழே பனிக்குள் யாரோ சிரித்தார்கள். தேயிலை பறிக்கும் பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கோயிலை ஒட்டித்தான் அவர்கள் பாதை.

“நீங்கள் திறந்துவிடுங்கள், சாமி. இந்தாருங்கள் சாவி.”

“அவர்களை யார் நிறுத்துவது? உங்கள் முட்டி இந்த இறக்கத்தில் ஓடுமா?”

வேதவல்லி சாவியை நீட்டியபடியே நின்றாள்.

“கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கத்த வேண்டாம். வாசலை மறைக்க வேண்டாம்.”

“அது என் பக்கம் திரும்பினால்?”

“அதற்கு வேண்டியது வழி. நீங்கள் இல்லை.”

குரு பனிக்குள் இறங்கி ஓடினார்.

சாவி பூட்டில் நுழைய மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தித் திருப்பினாள். பூட்டு திறந்த சத்தத்தில் உள்ளே எல்லாம் அடங்கியது. இடித்தபோதே பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு. வாழ்நாளில் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே அனுப்பியவள் இல்லை. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு கதவை இழுத்தாள். அதோடு நகர்ந்தாள். சுவருக்கும் கதவுக்கும் நடுவில் மூச்சை அடக்கி நின்றாள். 

ஈர ரோம நாற்றம் வந்தது. அதோடு நல்லெண்ணெய் வாசனையும். கீல் இடுக்கில் ஒரு மூக்கு வந்து நின்றது, எண்ணெயில் பளபளத்தது. மோந்தது. அவள் கையிலும் அதே எண்ணெய்தான்.

ஓட வேண்டும்போல் இருந்தது. கதவைத் தள்ளி மூடிவிட வேண்டும்போல் இருந்தது. அவள் அசையவில்லை.

மூக்கு விலகியது. கல்லில் நகம் உரசியது. பிறகு மேலே, காட்டுப் பக்கம், புதர் முறிகிற சத்தம்.

குரு திரும்பி வந்தபோது வேதவல்லி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விளக்கு கவிழ்ந்து கிடந்தது. துலக்கி வைத்ததுபோலக் கரடி அதை நக்கியிருந்தது.

“அணைந்துவிட்டது, சாமி.”

“ஆமாம்.”

“எனக்காக என்ன செய்தாய் அம்மா என்று கௌசல்யா கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

“வாசலை மறைக்காமல் நின்றேன் என்று சொல்லுங்கள், அக்கா.”

வேதவல்லி எழுந்தாள்.

விளக்கை எடுத்து முந்தானையில் சுற்றினாள். பூட்டையும் அதோடு முடிந்தாள். கதவைச் சுவர்வரை தள்ளித் திறந்து, அசையாமலிருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்தாள். பிறகு காட்டைப் பார்த்துச் சொன்னாள்:

“இங்கே ஒன்றும் இல்லை. இனிமேல் வராதே, அப்பா.”

மேலே ஒரு இலைகூட அசையவில்லை.