வெள்ளச்சி சொன்ன ஒரு சொல்

அந்தக் காலத்தில் மானும் மீனும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. ஆற்று நடுவில் ஒரு மணல்திட்டு. அதில் வெள்ளச்சி என்பவள் தனியாக இருந்தாள். ஒரு மழைக்காலத்து வெள்ளம் அவள் புருஷனையும் பிள்ளையையும் கொண்டுபோய், அவளை மட்டும் விட்டுவைத்திருந்தது.

அக்கரையிலிருந்து ஒரு மான் தினமும் வரும். இடையே ஓடிய கிளையாறு குறுகலானது. "பாய்" என்பாள், ஒரே தாவலில் வந்துவிடும். திட்டின் ஓரம் சேறு என்பதால் மானுக்குக் கால் வழுக்கியது. வெள்ளச்சி கோரையை அறுத்துக் காயவைத்து, கற்றாழை நாரில் கோத்து, அகலமாக ஒரு விரிப்புச் செய்து சேற்றின்மேல் போட்டாள். பொழுது சாயும்வரை மான் அதில் படுத்துக் காட்டுச் சேதியெல்லாம் சொல்லும். அது போனபின் அதே விரிப்பில் அவள் படுத்துக்கொள்வாள். மானின் சூடு கொஞ்ச நேரம் இருக்கும்.

அந்த வருஷம் மழை ஓயவில்லை. கிளையாறு அகன்றுகொண்டே போனது. ஒன்பது நாள் மான் வரவில்லை. பத்தாம் நாள் அக்கரையில் வந்து நின்றது.

"அக்கா, தண்ணி வடியட்டும். இன்னைக்கு என்னால முடியாது."

வடிய எத்தனை நாளாகும் என்று கேட்டாள். தெரியாது என்றது மான். முடியாது என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒன்பது நாள் பேச்சில்லாமல் கிடந்த வாய் சொல்லிவிட்டது.

"பாய்."

மான் அவளை ஒருமுறை பார்த்தது. பிறகு பாய்ந்தது. முன்னங்கால்கள் விரிப்பின் ஓரத்தைத் தொட்டன. பின்னங்கால்கள் தண்ணீரில் விழுந்தன. வெள்ளம் இழுத்துக்கொண்டது.

வெள்ளச்சி ஒதுங்கிக் கிடந்த கட்டைகளைக் கொடியால் பிணைத்து ஏறினாள். கண்டுபிடித்தால் மானைப் படுக்கவைக்க வேண்டுமே என்று விரிப்பையும் எடுத்துக்கொண்டாள். நனையாமலிருக்க அதை ஒரு மூங்கிலில் கட்டி நிறுத்தினாள். காற்று அதில் நிறைந்து கட்டைகளைத் தள்ளிக்கொண்டு போனது. மான் எங்காவது ஒதுங்கிக் கிடந்தால் கேட்கட்டும் என்று வழியெல்லாம் அந்த ஒரு சொல்லையே கூப்பிட்டாள்.

கழிமுகத்தில் மீன்பிடிக்கிறவர்கள் அவளைக் கரையேற்றினார்கள். மானை ஒருவரும் பார்க்கவில்லை. காற்றைப் பிடித்துக் கட்டைகளை ஓட்டிவந்தது என்ன என்று கேட்டார்கள். அவள் அதை அவிழ்த்து மணலில் விரித்து உட்கார்ந்தபோது, இது என்ன என்று மறுபடி கேட்டார்கள். இரண்டும் அவள் காதில் ஏறவில்லை. ஆற்றைப் பார்த்து "பாய், பாய்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் அதைப் பெயரென்று எடுத்துக்கொண்டார்கள்.

தாவச் சொல்வது முன்பே பாய். அன்று முதல்தான் படுக்க விரிப்பதும் பாய், படகில் காற்றுக்குக் கட்டுவதும் பாய்.