ஆள்காட்டி கத்தாத நாள்

பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்த குளத்துக்குள்ள மஞ்சக்காலி அடைகாத்துக்கிட்டிருந்தா. ஆள்காட்டிக் குருவி அவ. அவ கத்தினா காடே ஓடி வரும். கண்ணால பாக்காம அவ கத்தினதே கிடையாது, அதனாலதான் அந்த மரியாதை.

அன்னைக்குக் காட்டு வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. வாயில முட்டையோட ஒரு மரநாய். "ஆலமரப் பொந்துல குடியிருக்கிற அல்லிதான் முட்டைத் திருடி. பத்து பேருக்கு அனுப்புங்க"ன்னு கீழ எழுத்து. அரைமணி நேரத்துல கம்பும் கல்லுமா ஒரு கூட்டம் கிளம்பிருச்சு.

அல்லிக்குக் கண்ணு திறக்காத குட்டி மூணு. விரட்டினா அந்த வெயில்ல எங்க போவா?

குரங்கு வாலாண்டி கூட்டத்தோட முதல்ல மஞ்சக்காலிகிட்டதான் வந்து போட்டோவைக் காட்டினான். "அக்கா, ஒரு சத்தம் குடு. மிச்சப் பேரும் வந்துரட்டும். சேந்து துரத்திருவோம்."

மஞ்சக்காலி சிறகை இறக்கி முட்டைங்களை மூடிக்கிட்டா. வெட்டவெளியில அவளுக்கே நாலு முட்டை. தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தை முழுங்கிட்டுக் கேட்டா, "இதை எடுத்தது யாரு?"

"மயில்தான் அனுப்புச்சு"ன்னு கூட்டத்துல ஒரு குரல்.

"நீ எடுத்தியா மயிலு?"

"இல்லக்கா, முயல் அனுப்புச்சு."

முயல் காதைத் தொங்கப் போட்டுக்கிச்சு. "எனக்கு வாலாண்டி அண்ணன்தான் அனுப்பினாரு."

வாலாண்டி தலையைச் சொறிஞ்சான். "எனக்கு வேற காட்டு குரூப்புல வந்துச்சு. அல்லி பேரை நான்தான் போட்டேன். நல்லதுக்குத்தானேக்கா."

"யாருக்குடா நல்லது? விரல் அரிச்சா மரத்துல தேய்ச்சுக்கோ. அடுத்தவ குடியைக் கெடுக்காத. போட்டோவைப் பெருசாக்கிப் பாரு. பின்னால என்ன தெரியுது?"

"தண்ணி... தாமரை."

"இங்க நீ குளிச்சே மூணு மாசமாச்சு. சரி, போட்டோவுல மரநாயோட வாலைப் பாரு."

"நுனி வெள்ளையா இருக்கு."

"அல்லிக்கு?"

அல்லி வாலு முழுக் கருப்புன்னு காட்டுல எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துல ஒவ்வொரு கல்லா கீழ விழுந்துச்சு.

வாலாண்டி நைசா போட்டோவை அழிக்கப் பாத்தான்.

"அழிச்சா ஆச்சா? எந்தெந்த குரூப்புல போட்டியோ அங்கெல்லாம், 'நான் அனுப்பினது பொய்'னு போடு. அனுப்பின அத்தனை பேரும் போடுங்க."

"மானம் போயிருமேக்கா."

"அவ மானத்தை வாங்குறப்போ விரல் நல்லாத்தானே வேலை செஞ்சுச்சு?"

வாலாண்டி போட்டான். மயிலும் முயலும் போட்டுச்சுங்க. அல்லிக்குப் பொந்தை விட்டு இறங்க வேண்டியே வரல. குட்டிங்க பால் குடிச்சுக்கிட்டே தூங்கிருச்சுங்க.

வந்த சேதி நெசமான்னு பாக்காம யாருக்கும் தள்ளிவிடக் கூடாது. தள்ளிட்டா, தள்ளின இடத்துலயே தப்புன்னு ஒத்துக்கணும்.