கழுத்தில்லாத சட்டை

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசபாபதிக்கு ஆப்பிரிக்காவில் தொழிற்சாலை திறக்க ஆசை வந்துவிட்டது. முதலாளி ஆசைப்பட்டால் கம்பெனியே ஆசைப்பட்ட மாதிரிதான். அங்கே திறந்தால் இங்கே முந்நூறு பேருக்கு வேலை போகும். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்காரி பூவாத்தாள் நேரே டைரக்டர்கள் மீட்டிங்கில் போய் நின்றாள்.

"நானா முடிவு பண்ணினேன்? ஒன்பது டைரக்டரும் சரின்னுட்டாங்க. ஒருத்தர் வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்" என்றார் முதலாளி.

"சரிங்க மொதலாளி. இந்த சாம்பிளுக்கு மட்டும் எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

அவள் நீட்டிய, மடித்திருந்த பனியன் சட்டையைத் தடவிப் பார்த்து, "பிரமாதம்" என்று முதலாளி கையெழுத்துப் போட்டார். அங்கே முதல் கையெழுத்து எப்போதும் அவருடையதுதான். அடுத்து ஒன்பது பேரும் சட்டையை விரித்துப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

"இப்பப் போட்டுப் பாருங்க மொதலாளி."

போட்டார். தலை வெளியே வரவில்லை. சட்டையின் கழுத்தை முழுக்கத் தைத்து மூடியிருந்தாள் பூவாத்தாள்.

துணிக்குள்ளிருந்தே கத்தினார்: "ஒருத்தன் கண்ணுக்குமா இது தெரியல?"

"தெரிஞ்சுதுங்க. போன தடவை நீங்க வெளிநாட்டுல கம்பெனி திறக்கப் போனப்ப, நட்டமாகும், வேண்டாம்னு ஒரு சூப்பர்வைசர் சொன்னாருங்க. என் வீட்டுக்காரருங்க. மறுநாளே வேலையை விட்டு அனுப்பீட்டீங்க. அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டாருங்க. அன்னையிலிருந்து இந்தக் கம்பெனியில எல்லாச் சட்டையும் பிரமாதந்தானுங்க."