நிமிர முடியாத மன்றம்

மாலி நாட்டில், மலைச்சரிவை ஒட்டி ஓர் ஊர். அந்த ஊரின் வழக்கு மன்றத்தைப் பார்த்தால், கட்டியவனுக்கு அளவு தெரியாதோ என்று தோன்றும். குட்டையான கல்தூண்கள், அவற்றின் மேல் கம்பந்தட்டையை மலைபோல் அடுக்கிய கூரை. உள்ளே உட்காரலாம், நிற்க முடியாது. கோபத்தில் எவனாவது துள்ளி எழுந்தால் உத்தரம் மண்டையைப் பதம் பார்க்கும். அதற்காகவே அப்படிக் கட்டினார்கள். தலை இடித்தவன் அன்று முழுவதும் அங்கே வாய் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் உண்டு. கைகலப்பைக் கூரையாலேயே தடுத்த அந்த மூளைக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு குட்டை. அதை நம்பி வெங்காயம் போட்டவர்கள் மூன்று பேர். சுரைக்குடுக்கையில் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். கோடையில் தண்ணீர் குறைந்ததும் நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் சானா, அடுத்து அதிமே, அதற்கடுத்து தோமோ.

ஒரு நாள் விடிந்ததும் அதிமே குட்டைக்குப் போனால், அங்கே தோமோ மொண்டுகொண்டிருக்கிறான். அதிமேவின் வெங்காயத்தாள் ஏற்கெனவே தொங்கிவிட்டது. இன்று தண்ணீர் காட்டாவிட்டால் பயிர் அவ்வளவுதான். அவன் வீட்டுக்கு அந்த ஆண்டு வேறு விளைச்சலும் கிடையாது. மன்றம் கூடியது. நடுவர் அம்பாதியோ.

"நேத்து அதிமேவோட முறை. அவன் வரலை. இன்னைக்கு என் முறை," என்றான் தோமோ, கூசாமல்.

கோபத்தில் அதிமேவுக்குக் கண்மண் தெரியவில்லை. எழுந்தான். உத்தரம் நெற்றியில் மடார் என்று இடித்தது.

"உக்காருப்பா. இனி நீ பேசக் கூடாது," என்றார் அம்பாதியோ.

சானாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, பாவம், வயிறெரிஞ்சு எந்திரிச்சிட்டான். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்க. அவன் பேசட்டும்."

"இன்னைக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் துள்ளுவாங்க. வேற யாராவது பேசுறதுன்னா பேசுங்க."

யாரும் பேசவில்லை. வழக்கு தோமோ பக்கம் சாய்ந்துவிட்டது. அதிமே நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல் தரையைப் பார்த்தபடி இருந்தான். தோமோ அவனைப் பார்த்தான். ஜெயித்த மகிழ்ச்சி வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"அவனுக்காக நான் பேசுறேன்," என்றான். "இன்னைக்கு அவன் முறைதான். என் பாத்தி காயுதேன்னு பொய் சொல்லிட்டேன். இப்பவே அவன் போய் மொள்ளட்டும். நாளைக்கு என் முறையையும் அவனே எடுத்துக்கட்டும்."

அதிமேவின் பயிர் பிழைத்தது.

கட்டுப்பாட்டை விடாதவர் அம்பாதியோ. இரக்கப்பட்டுக் கெஞ்சியவன் சானா. பொய் சொல்லி, அதைத் தானே ஒப்புக்கொண்டவன் தோமோ. இப்போது சொல்லுங்கள்: அந்த மன்றத்தில் அதிமேவுக்குப் பெரிய தீங்கு செய்தது இவர்களில் யார்?

விடை: சானா. அம்பாதியோ அடைத்தது ஒரே ஒரு வாயை. மற்றவர்களைப் பேசச் சொல்லி அவரே கேட்டார். தோமோ தன் பொய்யை ஊரார் முன்னால் தானே விழுங்கினான். முறை வரிசையை மறுபடி பாருங்கள். முந்தின நாள் குட்டையில் மொண்டவன் சானா. ஆகவே அன்று யாருடைய முறை என்பது அவனுக்கு ஐயமில்லாமல் தெரியும். 'நேத்து நான்தான் மொண்டேன்' என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். தோமோவின் பகை நமக்கு எதற்கு என்று, தான் பேச வேண்டியதை ரத்தம் சொட்டுகிறவன் தலையில் கட்டப் பார்த்தான். ஒருவன் பேச முடியாதபோது அவனுக்காகப் பேசத்தானே பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? சானா செய்ததை இரக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.