பேரிமட்டத்தார் கரடி விரட்டிய கதை

பேரிமட்டத்துக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். மலைமேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். ஒருமுறை சந்தைக்குப் போகப் பஸ் ஏறினார்கள். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, போய்க்கிட்டே இருங்க!" என்று கண்டக்டர் கத்தினார். முன்வாசலில் ஏறியவர்கள் போய்க்கொண்டே இருந்து பின்வாசல் வழியாக இறங்கிவிட்டார்கள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. "அலுங்காம குலுங்காமக் கொண்டுவந்து விட்டுட்டாரு, நல்ல மனுசன்" என்று கண்டக்டரைப் புகழ்ந்தபடியே சந்தையைத் தேடினார்கள்.

அந்த ஊரில் வெள்ளிங்கிரி என்று ஒருவன். வர்க்கி என்கிற அடுக்கு ரொட்டி சுடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக் கொல்லையில் செங்கல் அடுப்பு. அதில் அவன் சுட்டு எடுக்கும் வர்க்கி வாயில் வைத்தால் பொலபொலவென்று உதிரும். மற்ற விஷயங்களில் அவனும் பேரிமட்டத்துக்காரன்தான்.

கல்யாண வயது கொஞ்சம் தாண்டிக்கொண்டிருந்த வெள்ளிங்கிரிக்கு, மலைக்குக் கீழே காரமடைப் பக்கத்திலிருந்து மரகதம் என்ற பெண்ணைப் பேசி வந்தார்கள். அவளை அவன் முன்பே பார்த்திருக்கிறான். சந்தைக்கு வந்தவள் அங்கே அவன் போட்டிருந்த கடையில் ஒரு வர்க்கியைக் கடித்து, சேலையெல்லாம் தூள் கொட்டிக்கொண்டு, அதைப் பார்த்துத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு நின்றதில், அன்று ராத்திரி வீட்டு அடுப்பிலிருந்த வர்க்கி ஒரு தட்டு கருகிப்போனது. வெள்ளிங்கிரி அதற்காக வருத்தப்படவே இல்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டான்.

பெண்ணின் அப்பா கருப்பண்ணன் கறாரான மனிதர். மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. ஆனால் காது கூர்மை. மலையில் கரடி இறங்குகிறது என்று எங்கோ கேள்விப்பட்டுவிட்டார். "ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வர்றமுங்க. கரடி கண்ணுல பட்டுச்சுன்னா சம்பந்தம் இல்லீங்க. கரடி வர்ற வீட்டுக்கு என்ற பொண்ணைக் குடுக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிங்கிரி ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினான். ஏனென்றால் கரடி வந்துகொண்டுதான் இருந்தது.

அது முதலில் வந்தது ஒரு மழைநாள் சாயங்காலம். அடுப்போரம் உட்கார்ந்து, உடைந்த வர்க்கித் தூளை நக்கிக்கொண்டிருந்தது. "பாவம், எப்படி மெலிஞ்சு கெடக்கு!" என்று வெள்ளிங்கிரி இரண்டு முழு வர்க்கியை நீட்டினான். மறுநாளும் வந்தது. பிறகு தினமும், வேலைக்கு வருகிற ஆள் மாதிரி நேரம் தவறாமல் வர ஆரம்பித்தது.

சமாசாரம் தெரிந்து வனத்துறைக் கார்டு துரைக்கண்ணு ஓடிவந்தார். "ஏப்பா, உனக்கென்ன கிறுக்கா? கரடிக்குக் கையால தீனி குடுக்கறே? ஒரு அறை விட்டா மூஞ்சி இருக்காது. இனிமே கையால குடுக்காதே!"

"சரீங்க" என்றான் வெள்ளிங்கிரி. அன்றிலிருந்து, அடுப்புக்குள் தட்டைத் தள்ளும் நீளமான மரத் துடுப்பில் வர்க்கியை வைத்து நீட்டினான். கை படவே இல்லை. கரடிக்கும் அது வசதியாக இருந்தது.

கார்டு மறுபடி வந்து தலையில் அடித்துக்கொண்டார். "தின்னு பழகின கரடிதாம்ப்பா ஆபத்து! மனுசன் மேல பயம் விட்டுப்போயிரும். வீடு பூந்து அடிக்கும். பழக விடாதீங்க!"

இதை எப்படி நிறைவேற்றுவது என்று வெள்ளிங்கிரியும் அவன் கூட்டாளிகள் மூவரும் கூடி யோசித்தார்கள். அவர்களில் மூத்தவர் மாசிலாமணி. யோசனை சொல்வது அவர் பொறுப்பு. அருளப்பன் சந்தேகம் கேட்பார். பொம்மையன் தலையாட்டுவார்.

"ஒரே ஆளு தினம் குடுத்தாத்தானே பழகும்?" என்றார் மாசிலாமணி. "ஆளை மாத்திட்டா?"

"நாலு பேரும் ஒரு சுத்து வந்துட்டா, மறுபடி என்னைக் கண்டுபிடிச்சுருமேண்ணா?" என்றார் அருளப்பன்.

"வேற சட்டை போட்டுக்கோ."

பொம்மையன் தலையாட்டினார்.

அப்படியே செய்தார்கள். ஒருநாள் குரங்குக் குல்லா, ஒருநாள் சம்சாரத்தின் ஸ்வெட்டர், ஒருநாள் கறுப்புக் கண்ணாடி. பொம்மையன் சேலை கட்டி முக்காடு போட்டுக்கொண்டு போனார். கரடி அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு வர்க்கியைத் தின்றது. "நான் யாருன்னே தெரியலை அதுக்கு" என்று பொம்மையன் பெருமையோடு திரும்பி வந்தார்.

கரடிக்கு நால்வரையும் நன்றாகவே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் நால்வர் வீட்டுக் கொல்லைக்கும் முறை வைத்து வந்தது. பொம்மையன் வீட்டில் யாரும் சட்டென்று வெளியே வராததால், சமையலறைக் கதவைப் பெயர்த்துக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், நல்லெண்ணெய்த் தூக்கை மிச்சமில்லாமல் குடித்தது. அவர் சம்சாரம் பரண்மேல் ஏறி உட்கார்ந்து போட்ட கூச்சலில் ஊரே கூடியது. இறங்கி வந்தவர் பொம்மையனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்ற சேலை எங்கே?"

இந்த முறை கார்டு துரைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பன்களா, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. வந்த கரடிக்குத் தீனி வெக்காதீங்க. கதவைச் சாத்திக்கிட்டு, உள்ள இருந்து தகர டின்னைத் தட்டுங்க. சத்தம் கேட்டா காட்டுக்குள்ள போயிரும். அது போற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது!"

அன்று சாயங்காலம் கரடி வந்தது. வர்க்கி டின்னைக் கவிழ்த்துப் போட்டு நால்வரும் உள்ளேயிருந்து அடித்த அடியில் கரடி பிய்த்துக்கொண்டு ஓடியது. கதவைத் திறந்து பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். வெள்ளிங்கிரிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"வெறும் வயித்தோட போகுதேண்ணா."

மாசிலாமணி யோசித்தார். "அதுவும் நியாயந்தான். போன்னதும் மறுபேச்சுப் பேசாமப் போகுது. அப்படிப்பட்டதுக்கு நாம ஏதாச்சும் செய்ய வேண்டாமா?"

"தீனி வெக்கக் கூடாதுன்னாரே கார்டு?" என்றார் அருளப்பன்.

"வந்த கரடிக்கு வெக்காதேன்னாரு. இது போன கரடி."

பொம்மையன் தலையாட்டினார். அன்றிலிருந்து டின் தட்டி முடித்ததும் கொல்லை வேலியோரம் ஒரு கூடை வர்க்கியைக் கொட்டிவிட்டு வந்து மறுபடி கதவைச் சாத்திக்கொள்வது வழக்கமானது.

கரடி முட்டாள் இல்லை. டின் சத்தம் கேட்டால் வர்க்கி என்று அதற்கு விளங்கிவிட்டது. தெரிந்தவர்களுக்கும் சொல்லியிருக்கும் போல. குட்டிகளை முதுகில் சுமந்த தாய்க்கரடி ஒன்று, கிழட்டுக் கரடி ஒன்று, இன்னும் சில என்று டின் சத்தம் கேட்டதும் காட்டிலிருந்து கிளம்பி வந்து, வேலியோரம் தின்றுவிட்டுப் போயின. அவை வருவதை நால்வரும் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருந்தது. திறந்து பார்க்கும்போது தெரிந்ததெல்லாம் காட்டுக்குள் போகும் முதுகுகள்தான்.

"முந்தாநேத்து ஒண்ணு போச்சு. நேத்து ரெண்டு. இன்னிக்குப் பாரு, குடும்பத்தோட போகுது!" என்றார் மாசிலாமணி. "கார்டு சொன்ன மருந்து நல்லா வேலை செய்யுது."

கருப்பண்ணன் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே கார்டு வந்து நின்று அடுப்பை அணைத்து, தூள்தும்பு எல்லாம் கூட்டிக் கழுவிவிடச் சொல்லி, "இன்னிக்கு வர்க்கி வாசனையே வரப்படாது. இந்த ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க, கல்யாணம் தன்னால முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கருப்பண்ணன் மகளுடன் வந்து சேர்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொல்லையில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, காட்டோரம் முழுக்க ஒரு நோட்டம் விட்டார். ஒரு காக்கா மட்டும் இருந்தது.

"காத்து நல்லா வருதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. வெள்ளிங்கிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவோரம் நின்ற மரகதம் அவனைப் பார்த்து, "வர்க்கி இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல நேர்ந்ததுதான் அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே துக்கம்.

"கரடி வருதுன்னு சொன்னாங்களே?" என்றார் கருப்பண்ணன்.

கார்டு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னது வெள்ளிங்கிரிக்கு நினைவு இருந்தது. அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு, மாசிலாமணியைக் கை காட்டினான்.

"இப்பல்லாம் வர்றதே இல்லீங்க" என்றார் மாசிலாமணி. "போறது மட்டுந்தானுங்க."

"அப்படிங்களா! எப்படி விரட்டுனீங்க?"

"டின்னைத் தட்டித்தானுங்க."

"எங்க, ஒருக்காத் தட்டிக் காட்டுங்க பாப்போம்."

"உள்ள வாங்க. கதவைச் சாத்தித்தான் தட்டணும்."

"நான் இங்கயே காத்தாட உக்காந்து கேக்கறனுங்க. நீங்க தட்டுங்க."

கார்டு சொன்ன முறை மாறக் கூடாதே என்று எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். சம்பந்தம் முடியப்போகிற சந்தோஷத்தில் வெள்ளிங்கிரி என்றும் இல்லாத வேகத்தில் டின்னை அடித்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு அலறல் கேட்டது.

"மாமா கத்தறாரு" என்றார் அருளப்பன். "திறக்கலாங்களா?"

"கரடி போற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு கார்டு சொல்லியிருக்காரு" என்றார் மாசிலாமணி.

"கரடி இருக்குதான்னு எப்படித் தெரியும்?"

"திறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்பத் திறக்கலாமா?"

"அது தெரியாம எப்படித் திறக்கறது?"

பொம்மையன் இருவருக்கும் தலையாட்டினார்.

மரகதம் பேரிமட்டத்துக்காரி இல்லை. தாழ்ப்பாளை நீக்கி, அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். அவர் பின்னாலேயே வந்த கரடியின் நகம் கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்தது. ஜன்னல் சந்து வழியாக வெள்ளிங்கிரி எட்டிப் பார்த்தான். நாற்காலியில் தாய்க்கரடி உட்கார்ந்திருந்தது. குட்டி ஒன்று கருப்பண்ணனின் கண்ணாடியை மென்று பார்த்துத் துப்பியது. மற்றவை வேலியோரம் வர்க்கியைத் தேடின. டின் தட்டியும் வர்க்கி இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுப்புக் கொட்டகையை இழுத்துச் சாய்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில்தான் காட்டுக்குப் போயின.

"நான் சொன்ன வாக்கு வாக்குத்தான்" என்றார் கருப்பண்ணன், ஒரு தூணைப் பார்த்து. "கரடி வர்ற வீட்டுக்கு என்ற பொண்ணைக் குடுக்கமாட்டேன்."

வெள்ளிங்கிரி வேறு பக்கம் நின்றுகொண்டிருந்தான். டின்னைத் தூக்கி எறிய நினைத்து, சத்தம் வருமே என்று மெதுவாகக் கீழே வைத்தான்.

அதைப் பார்த்து மரகதம் சிரித்தாள். சந்தையில் சிரித்த அதே சிரிப்பு. "ஏனுங்கப்பா, வீட்டுக்குத்தானே குடுக்கமாட்டேன்னீங்க? இவரை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா?"

கருப்பண்ணன் யோசித்தார். காரமடையில் கரடி இல்லை. நல்ல வர்க்கியும் இல்லை. "அதுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்க" என்று தூணிடம் சொன்னார்.

கல்யாணம் காரமடையிலேயே நிச்சயமானது. அடுப்பைச் செங்கல் செங்கலாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். பந்திக்கென்று பக்கத்து வீட்டு அடுப்பில் சுட்ட வர்க்கியை மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். வழியனுப்ப வந்த கார்டு துரைக்கண்ணுவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். "வர்க்கி வாசத்துக்குக் கரடி பின்னாடியே வந்துரப் போகுது. பாத்துப் போங்கப்பா" என்றார்.

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. வராம இருக்க வழி எங்களுக்குத் தெரியும்" என்றார் மாசிலாமணி. வண்டி கிளம்பிக் கார்டு தலை மறைந்ததும், வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த தகர டின்களை எல்லாம் கயிற்றில் கோத்து லாரியின் பின்னால் கட்டித் தொங்கவிட்டார்.

லாரி ஆடி அசைந்து மலை இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டின்கள் டமடமவென்று முழங்கின. டிரைவர் "முன்னாடி பாத்து உக்காருங்க" என்று சொல்லியிருந்ததால் பட்டு வேட்டி கட்டிய வெள்ளிங்கிரியும் கூட்டாளிகளும் காரமடை வரும்வரை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்யாண வீட்டு வாசலில் கருப்பண்ணன் கைகூப்பி நின்றார். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. லாரி வந்து நின்றது. அதன் பின்னால், தெரு முழுக்க, கறுப்பாக ஒரு வரிசை வருவது அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"மரகதம், இன்னும் இலை போடச் சொல்லு கண்ணு! மாப்பிள்ளை வீட்டுச் சனம் எவ்வளவு வந்திருக்குது பாரு. அத்தனை பேரும் கறுப்புக் கோட்டு! கொழந்தைகளை முதுகுல தூக்கிட்டு மலையிலிருந்து நடந்தே வந்திருக்கறாங்க, என்ன மரியாதை!" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய், முதலில் வந்த சம்பந்தியின் கையைப் பிடித்தார். "வாங்க வாங்க! சாப்பிட்டுட்டுத்தான் போகணும். முதல் உருண்டை என்ற கையால ஊட்டிவிடுவேன்!"

லாரியிலிருந்து இறங்கிய மாசிலாமணி இதைக் கேட்டுப் பதறிப்போய்க் கத்தினார்.

"மாமா, கையால குடுத்துராதீங்க! கரண்டி எடுத்துக்குங்க!"